எண்ணூரின் க்ஷேமமும் வார்டுக் கணக்கும்

நகர சபை அங்கத்தினர் ஒருவர், தம்மைத் தேர்ந்தெடுத்த ஜனங்களின் முன் வந்து நின்று, இன்ன வேலை முடிந்தது, இன்ன வேலை பாக்கி நிற்கிறது என்று கணக்குச் சொல்லுவது மெச்சத்தக்க வழக்கமாகும். வோட்டுக் கேட்க ஒரு தடவை, வாழ்த்துப் பெற ஒரு தடவை என்று மட்டும் தெருவுக்குள் வரும் பிரதிநிதியைக் காட்டிலும், கேள்விக்குப் பதில் சொல்ல வரும் பிரதிநிதி நூறு மடங்கு மேலானவர். இதற்கென்றே 2022-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் வார்டுக் குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் இயற்றப்பட்டு, அவ்வருஷம் நவம்பர் 1-ந் தேதி பகுதி சபைகள் கூட ஆரம்பித்தன. கிராமத்தாருக்கு வெகுகாலமாக இருந்து வரும் கிராம சபை உரிமையில் ஒரு பங்கு நகரவாசிகளுக்கும் கிட்டியது.

இத்தகைய கூட்டங்களில் வாசிக்கப்படும் கணக்கு எப்படிப்பட்டது என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். இத்தனை தெருவிளக்கு எரிகிறது. இத்தனை அடி மழைநீர் வடிகால் தூர் வாரப்பட்டது. இந்த முனையில் காமிரா வைக்கப்பட்டது. கொசு மருந்து அடிக்கப்பட்டது. பூங்காவுக்கு வேலி போடப்பட்டது. இவை அற்ப விஷயங்கள் என்று நாம் ஒருபோதும் சொல்லமாட்டோம். இருண்ட தெருவில் வேலை முடிந்து திரும்பும் பெண்ணுக்கு எரிகிற விளக்கே சுயராஜ்யம். கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையைக் கடந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குச் சாலையோர நடைபாதையே அரசியல் சாசனம். ஆயினும், எண்ணூரில் இந்தக் கணக்கு எவ்வளவு நேர்மையாக வாசிக்கப்பட்டாலும், அதன் முதற் பக்கம் காணாமற் போயிருக்கிறது என்பதே நம் அபிப்பிராயம். அந்த ஊரில் ஜனங்களின் க்ஷேமம் தெருவிளக்கோடு முடிவதில்லை. அவர்கள் காலடியில் புதைந்து கிடக்கும் குழாயில் என்ன ஓடுகிறது, அது உடைந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதில் அது ஆரம்பமாகிறது.

எண்ணூர் எப்படிப்பட்ட ஊர்? ஒரு பக்கம் வங்கக் கடல். மறு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய். வடக்கே கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம். வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் ஒரு காலத்தில் காற்று வாங்க வந்து தங்கிய இடம் இது. இறாலுக்கும் உப்புக்கும் பேர் பெற்ற கழி இது. சுதந்திரம் வந்த பிறகு தேசத்தின் கைத்தொழில் இங்கே குடியேறிற்று. மோட்டார் தொழிற்சாலை, உரத் தொழிற்சாலை, 1970 முதல் அனல் மின் நிலையம், பக்கத்து மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, 2001-ல் ஆற்றுக்கு வடக்கே பெருந்துறைமுகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சென்னை நகரத்தின் விளக்கும், வண்டியும், தஞ்சை விவசாயியின் உரமும் எண்ணூரின் முதுகில் ஏறித்தான் வந்தன என்றால் அது மிகையாகாது. பெரியகுப்பம், சின்னகுப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் என்ற மீனவர் குடியிருப்புக்களோ, இவ்வளவுக்கும் நடுவில், முன்பிருந்த இடத்திலேயே இருக்கின்றன.

2023-ஆம் வருஷம் டிஸம்பர் மாதம் 26-ந் தேதி நடுநிசி நெருங்கும் சமயத்தில் பெரியகுப்பத்தில் நிகழ்ந்ததை நாடு முழுவதும் அறியும். கோரமண்டல் இன்டர்நேஷனல் கம்பெனியின் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து திரவ அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய், கரைக்கு அருகே கசிந்தது. நித்திரையில் இருந்த ஜனங்கள் மூச்சுத் திணறி, கண் எரிந்து, குழந்தைகளையும் கிழவர்களையும் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினார்கள். நாற்பதுக்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டார்கள். காற்றில் ஒரு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாத அம்மோனியா 2,090 மைக்ரோகிராம் இருந்ததென மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே வெளியிட்டது. அம்மாத ஆரம்பத்தில் அடித்த மிக்ஜாம் புயலின் அலைகள், குழாயைச் சுற்றியிருந்த கருங்கற்களைப் புரட்டி அதைச் சேதப்படுத்தியிருக்க வேண்டுமென நிபுணர் குழு கருதிற்று. குழாய் ஏன் உடைந்தது என்பதைக் குழுக்களும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் விசாரித்தன. நஷ்டஈடும் நிபந்தனைகளும் பேசப்பட்டன. அவற்றைப் பற்றி இன்று எழுத நாம் வரவில்லை. நாம் கேட்பது வேறு கேள்வி: அன்றிரவு வீட்டை விட்டு வெளியே வந்த ஒரு தாய்க்கு, வடக்கே ஓடுவதா, தெற்கே ஓடுவதா என்று சொல்ல யார் இருந்தார்கள்? அண்டை வீட்டாரின் கூக்குரலைத் தவிர அவளை எழுப்ப வேறென்ன இருந்தது?

அது தனித்த சம்பவமாகவும் இருக்கவில்லை. மூன்று வாரங்களுக்கு முன்புதான் அதே புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக வந்து கொசஸ்தலையாற்றின் கழியை மூடியது. சென்னைப் பெட்ரோலியம் கார்ப்பரேஷனின் வளாகத்திலிருந்து வெளியேறிய வெள்ளத்தையே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சுட்டிக் காட்டியது. படகும் வலையும் கரி பூசினாற்போலாயின. வாளியும் குவளையும் கொண்டு அதை அள்ளியவர்கள், அந்தக் கழியையே நம்பிப் பிழைக்கும் மீனவர்கள். ஆறு வருஷத்துக்கு முன்பும் இதே காட்சிதான். 2017 ஜனவரி 28-ந் தேதி துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் வாளியே நமது விஞ்ஞானமாயிருந்தது. 2020 ஆகஸ்டு 4-ந் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து உலகமே நடுங்கிய பிறகு, மணலியில் ஒரு சரக்குக் கிடங்கில் சுங்க இலாகா 2015-ல் கைப்பற்றிய அதே சரக்கு ஏறக்குறைய 700 டன் கண்டெய்னர்களில் கிடக்கிறதென்ற செய்தி வெளிவந்தது. ஐந்து வருஷம் அதன் பக்கத்தில் உறங்கிய ஜனங்கள், வேறொரு கண்டத்தில் ஒரு நகரம் நாசமான பிறகே தங்கள் அயல் வீட்டில் என்ன இருந்ததென்று அறிந்தார்கள். சரக்கை ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். ஆனால் அறியாமை இங்கேயே தங்கிவிட்டது.

இவ்விடத்தில் ஒரு விஷயத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். கத்திவாக்கம், திருவொற்றியூர் முதலிய நகராட்சிகள் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 426 சதுர கிலோமீட்டராயிற்று. பெரிய நகரத்தில் சேர்ந்தால் பெரிய பாதுகாப்பு வருமென்று எண்ணூர்வாசிகள் நம்பியிருந்தால் அது தவறல்ல. நடந்ததென்ன? 2016-ல் நகர சபையின் ஆயுள் முடிந்தது. 2022 பிப்ரவரி 19-ந் தேதி வரையில் தேர்தலே நடக்கவில்லை. 2017-ல் எண்ணெய் கரையேறியபோது எண்ணூருக்கு ஒரு வார்டு அங்கத்தினர் கிடையாது. 2020-ல் நைட்ரேட் செய்தி வந்தபோதும் கிடையாது. 1688-ல் ஏற்பட்டு, இந்தியாவிலேயே மிகப் பழையதென்று நாம் பெருமை பேசும் மாநகராட்சி, ஐந்து வருஷத்துக்கு மேல் ஜனங்களின் பிரதிநிதிகள் இன்றி உத்தியோகஸ்தர்களால் நடத்தப்பட்டது. 2023-ல் அம்மோனியா வந்தபோதுதான் அங்கத்தினர் இருந்தார். ஆகவே, இல்லாத அங்கத்தினரை நாம் கேட்க முடியாத காலம் போய்விட்டது. இருக்கிற அங்கத்தினரிடம் எதைக் கேட்பது என்பதை ஜனங்கள் இனித் தீர்மானிக்க வேண்டும்.

"தொழிற்சாலை எங்கள் இலாகா அல்ல" என்ற பதில் நமக்குக் கிடைக்கும். அது முழுப் பொய்யும் அல்ல. தொழிற்சாலைப் பாதுகாப்புக்கு ஒரு இயக்ககம். புகைக்கும் கழிவுக்கும் ஒரு வாரியம். கடலோரக் குழாய்க்கு வேறொரு வாரியம். போலீஸுக்கு ஆவடிக் கமிஷனர். ஆற்றுக்கு அப்பாலுள்ள துறைமுகம் திருவள்ளூர் ஜில்லா. இத்தனை எஜமானர்கள் இருக்கும் வீட்டில் விளக்கேற்ற ஆளில்லை என்பதுதான் எண்ணூரின் நிலை. ஆனால் சட்டப் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள் இந்தப் பதிலோடு திருப்தியடைய மாட்டார்கள்.

1984 டிஸம்பர் 2-ந் தேதி இரவு போபாலில் ஆயிரக்கணக்கானோர் மாண்டது விஷவாயுவால் மட்டுமன்று; அது இன்ன வாயு, அதற்கு இன்ன பரிகாரம் என்று தெரியாமற் போனதாலும்தான். அந்தப் பிணக்குவியலின் மேலிருந்து பிறந்ததுதான் 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41-பி என்ற பிரிவு. அபாயகரமான தொழில் நடத்துவோர், அந்த அபாயத்தையும் அதற்கான தற்காப்பையும் தொழிலாளருக்கும், தலைமை இன்ஸ்பெக்டருக்கும், அத்துடன் அவ்விடத்து ஸ்தல ஸ்தாபனத்துக்கும், சுற்றுப்புறத்துப் பொதுஜனங்களுக்கும் வெளியிட்டே தீர வேண்டுமென்று அது விதித்தது. அப்பழைய சட்டத்தின் இடத்தில் வந்த 2020-ஆம் வருஷத்துத் தொழிற் பாதுகாப்புத் தொகுப்பிலும் இக்கடமை விட்டுப்போகவில்லை. ஸ்தல ஸ்தாபனம் என்பது யார்? எண்ணூருக்கு அது சென்னை மாநகராட்சி அல்லவா? அப்படியானால், அம்மோனியா மாநகராட்சியின் இலாகா அல்ல என்று எந்த வாயால் சொல்லுவது?

இன்னும் உண்டு. அபாயகரமான இரசாயனங்களைப் பற்றிய 1989-ஆம் வருஷத்து விதிகள், ஆலைக்கு வெளியே ஜனங்களைக் காப்பாற்றுவதற்கான அவசரத் திட்டம் ஒன்றிருக்க வேண்டுமென்றும், அதை வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒத்திகை பார்க்க வேண்டுமென்றும் சொல்லுகின்றன. 1996-ஆம் வருஷத்து இரசாயன விபத்து விதிகளோ, தொழிற்பேட்டை தோறும் ஸ்தல நெருக்கடிக் குழு ஒன்றை ஏற்படுத்தி, அது மாதந்தோறும் கூட வேண்டும், அபாயத்துக்குள்ளாகக் கூடிய ஜனங்களுக்குப் போதிக்க வேண்டும், பொதுஜனங்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வகுத்தன. அக்குழுவில் அதிகாரிகளோடு டாக்டர்களுக்கும், சமூக சேவகர்களுக்கும், ஊர்த் தலைவர் ஒருவருக்கும், உள்ளூர்ப் பத்திரிகையின் ஆசிரியர் ஒருவருக்கும்கூட இடம் உண்டு. எண்ணூர்வாசிகளில் எத்தனை பேர் இக்குழுவின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? அதன் தலைவர் யார், கடைசியாக எங்கே கூடினார், என்ன முடிவு செய்தார் என்பது எந்த வார்டுக் கணக்கில் வாசிக்கப்பட்டது? நம் நாட்டில் சட்டம் இல்லாமையால் நேரும் துன்பத்தைவிட, இருக்கும் சட்டம் அலமாரியில் உறங்குவதால் நேரும் துன்பமே அதிகம்.

"இதையெல்லாம் வெளியிட்டால் ஜனங்களுக்குப் பீதி உண்டாகும்" என்பது உத்தியோகஸ்தர்களின் இரண்டாவது பதில். பீதியை உண்டாக்குவது அறிவா, அறியாமையா? 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் வரும் என்ற வதந்தியில் சென்னையிலிருந்து ஜனங்கள் கூட்டங்கூட்டமாக ஓடினார்கள். அந்தக் காலத்து அன்னிய சர்க்கார்கூட, அபாயச் சங்கு ஊதினால் இன்ன இடத்தில் பதுங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஏ. ஆர். பி. வார்டன்களை நியமித்தது. வானத்திலிருந்து வரக்கூடும் என்று எண்ணிய குண்டுக்கு அவ்வளவு ஏற்பாடு. தினந்தோறும் காலடியில் ஓடும் விஷத்துக்கு ஒரு துண்டுக் காகிதமும் கூடாதா? அமெரிக்காவில் 1986-ல் இயற்றிய சட்டம், எந்த ஆலையில் எந்த இரசாயனம் எவ்வளவு இருக்கிறதென அறிவது ஜனங்களின் உரிமை என்றே பெயர் சூட்டிக்கொண்டது. அங்கே அதனால் ஊர்கள் காலியாகிவிடவில்லை.

"ஆலையை மூடிவிட்டால் வேலை போய்விடுமே" என்பார் மூன்றாமவர். ஆலையை மூடுவதைப் பற்றி நாம் இங்கே ஒரு வார்த்தையும் பேசவில்லை. தொழிலாளியின் குடும்பமும் அதே குப்பத்திலும் அதே காலனியிலும்தான் வசிக்கிறது. அவன் கூலி வாங்கும் இடம் அவன் குழந்தையின் மூச்சைப் பறிக்கலாகாது என்று கேட்பது தொழில் விரோதமல்ல. எந்த முதலாளிக்குத் தன் குழாயில் நம்பிக்கை உண்டோ, அவர் தன் திட்டத்தைத் தெருவில் வாசிக்க ஏன் தயங்க வேண்டும்?

ஆகவே வார்டுக் கணக்கின் முதற் பக்கத்தில் இருக்க வேண்டியவை இவையென்று நாம் சொல்லுவோம். முதலாவதாக, வீட்டுக்கு வீடு ஒரு தமிழ்க் காகிதம். தடித்த புஸ்தகம் வேண்டாம். அம்மோனியாவின் நெடி மூக்கைத் துளைக்கும். குளிர்ந்து திரவமாக்கப்பட்டது கசியும்போது வெண்மையான மூடுபனிபோல் தரையோடு தவழ்ந்து வரும். அது தண்ணீரில் எளிதில் கரையும். ஆகையால் நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். காற்று அடிக்கும் திசையோடு ஓடாமல் குறுக்கே விலகிப் போக வேண்டும். கண் எரிந்தால் கால் மணி நேரமாவது சுத்தமான தண்ணீரால் கழுவ வேண்டும். இந்த ஐந்தாறு வரிகள் எட்டாவது படிக்கும் பெண்ணுக்குத் தெரிந்திருந்தால், அவள் ஒரு குடும்பத்தையே காப்பாற்றுவாள்.

இரண்டாவது, சங்கு. ஆலை வேலைக்காரரை அழைக்கும் சங்கு வேறு, ஊரை எழுப்பும் சங்கு வேறு என்று குழந்தைக்கும் தெரிய வேண்டும். குப்பத்துக் கோயிலிலும் மாதா கோயிலிலும் பள்ளிவாசலிலும் ஒலிபெருக்கி உண்டு. திருவிழாவுக்குப் பயன்படுவது ஆபத்துக்கும் பயன்படட்டும். மூன்றாவது, ஒத்திகை. பகல் பதினொரு மணிக்குப் போட்டோக்காரரை வைத்துக்கொண்டு ஆலை வாசலுக்குள் நடத்தும் ஒத்திகை போதாது. விபத்து நடுநிசியில் வந்தது, ஒத்திகையும் ஒரு முறை இரவில், குப்பத்து ஜனங்களையும் சேர்த்துக்கொண்டு நடக்கட்டும். நான்காவது, வைத்தியம். மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிராணவாயுவும், இரவில் ஒரு டாக்டரும், இன்ன வாயுவுக்கு இன்ன சிகிச்சை என்ற பயிற்சியும் இருக்க வேண்டும். ஐந்தாவதும் எல்லாவற்றிலும் முக்கியமானதும், நெருக்கடிக் குழுவின் கூட்ட நடவடிக்கைகளை ஒவ்வொரு பகுதி சபையிலும் அங்கத்தினர் வாசிக்க வேண்டும். கூட்டம் நடக்கவில்லையானால், நடக்கவில்லை என்பதையே வாசிக்கட்டும். அந்த ஒரு வரி பத்து மகஜர்களின் வேலையைச் செய்யும்.

இவற்றில் எதற்கும் அங்கத்தினருக்கு ஆலையைப் பூட்டும் அதிகாரம் தேவையில்லை. கேட்கும் வாயும், கேட்டதை ஜனங்களிடம் சொல்லும் தைரியமும் போதும். 1939-40-ல் சென்னை மேயராக இருந்த ஸ்ரீ எஸ். சத்தியமூர்த்தி, நகரத்தின் தாகத்தைத் தீர்க்க நகர எல்லைக்கு வெகு தூரத்திலுள்ள பூண்டியில் நீர்த்தேக்கம் வேண்டுமென்று வாதாடினார். மேயருக்கு ஆற்றின்மேல் அதிகாரம் இருந்ததா? யுத்த காலத்தில் பணம் கொட்டிக் கிடந்ததா? அவர் விடாமல் கேட்டார். 1940-ல் அஸ்திவாரம் போடப்பட்டது. 1944-ல் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டபோது அவர் உயிரோடில்லை. அந்த அணையைத் தாண்டி வரும் கொசஸ்தலையாறுதான் எண்ணூரில் கடலைச் சேருகிறது. ஆற்றின் தலைப்பில் ஒரு மேயர் தம் பதவியின் எல்லையை விடப் பெரிதாக நினைத்தார். ஆற்றின் வாயில் ஒரு வார்டு அங்கத்தினர் அப்படி நினைக்கலாகாதா?

ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எண்ணூரில் ஐக்கியத்துக்குக் குறைவில்லை. குப்பத்துக்குக் குப்பம் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால் ஊரே கரையில் நிற்கும். கழியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் ஸ்திரீகளுக்கு, தண்ணீரின் நிறம் மாறியது எந்தப் பரிசோதனைச் சாலைக்கும் முன்பே தெரியும். அம்மோனியாக் கசிவுக்குப் பிறகு பெரியகுப்பத்தில் நாள் கணக்கில் அமர்ந்து கிளர்ச்சி செய்தவர்களில் ஸ்திரீகள் முன் நின்றார்கள். இந்தச் சக்தி, விபத்து நடந்த மறுநாள் மறியலுக்கு மட்டும் எழுந்து, நிவாரணத் தொகை வந்ததும் அடங்கிவிடலாகாது. வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும். பகுதி சபைக்கு நாலு பேர் போய்த் தெருவிளக்கைப் பற்றி மட்டும் கேட்டுத் திரும்பினால், கணக்கும் தெருவிளக்கோடு நிற்கும். நாற்பது பேர் போய் நெருக்கடிக் குழுவைப் பற்றிக் கேட்டால், அடுத்த கூட்டத்தில் பதில் வராமற் போகாது.

பொதுவாழ்வில் ஈடுபட்டிருக்கும் நம் இளைஞர்களுக்கு இங்கே வேலை காத்திருக்கிறது. மாகாணத் தலைநகரின் பெரிய மேடைகளில் பேசுவதற்கு ஆட்கள் பலர் உண்டு. மேற்சொன்ன விதிகளைத் தமிழில் எழுதி, பெரியகுப்பத்து மீன் ஏலக் களத்தில் நின்று வாசிக்க ஆட்கள் சிலரே. கட்சி வேறுபாடின்றி யார் இதைச் செய்தாலும் அவருக்கு நம் ஆதரவு உண்டு. ஸ்தல நெருக்கடிக் குழுவில் பத்திரிகைக்கு ஒரு நாற்காலி வைத்த சட்டம், பத்திரிகைக்கு ஒரு கடமையையும் வைத்தது. குழுவின் நடவடிக்கை எதுவாயினும் அதை வெளியிடுவதற்குப் பத்திரிகைகளின் பத்திகள் திறந்திருக்க வேண்டும்.

நகர சபை என்பது குப்பை வாரும் கம்பெனியல்ல. ஜனங்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள ஏற்படுத்திக்கொண்ட சபை. அடுத்த பகுதி சபையில் எண்ணூர் அங்கத்தினர் எழுந்து நின்று, விளக்குக் கணக்குக்கு முன்பாகக் குழாய்க் கணக்கை வாசிக்கட்டும். வாசிக்கத் தவறினால், ஜனங்கள் எழுந்து நின்று கேட்கட்டும்.